‘அறிவிப்பாளர் பழசு’ என்ற ஃபோல்டர்

அலுவலகத்தில் எனக்கு ‘டாலர்’ என்று பெயர். வசதியானவன் என்பதால் அல்ல. நகரக் குடிநீர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். யார் எதைக் கேட்டாலும் “அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிடலாம்” என்பேன். கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் அந்த ஸ்கிரிப்டில் வரிக்கு நாலு டாலர் குறி இருக்கும். என் கறுப்புத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு மீட்டர் பிரிவுக்காரர் வைத்த பெயர் அது. நானும் மறுக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தத் திரையோடு குடித்தனம் நடத்துகிறேன், அதில் எனக்குத் தெரியாத மூலை முடுக்கு கிடையாது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு என்னை விட்டுப் போயிற்று. நேரம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் என்னிடம் பேசினாள்; என் முகத்தைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

அக்கா பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களை மறுபடியும் பேசப் பழக்குவது அவள் தொழில். ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன் அறையில் நாலு நாற்காலியும் ஒரு பழைய எடை பார்க்கும் இயந்திரமும். உள் அறையில் மேஜை, வாய் அசைவைப் பார்க்க ஒரு கண்ணாடி, மைக், கணினி. ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்து வைப்பாள். வருகிறவர்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் ஃபோல்டர்களுக்குத் தொழில்தான் பெயர். தையல்காரர், ஓட்டுநர், கணக்கு வாத்தியார், அறிவிப்பாளர்.

இதில் அறிவிப்பாளர் என்பவர் ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒலிபெருக்கியில் பேசிய ஒரு அம்மா. அவர் குரலைக் கேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அக்காவிடம் வந்து, ஒரு சொல், இரண்டு சொல், அரை வாக்கியம் என்று ஏறிக்கொண்டிருந்தார். அவர் வேலைக்குத் திரும்பலாமா என்று முடிவு செய்ய, வெள்ளிக்கிழமை ரயில்வேயின் மருத்துவக் குழு கூடுவதாக இருந்தது. இதுவரை வந்த முன்னேற்றத்தைப் பதிவுகளோடு காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டது திங்கட்கிழமை சாயங்காலம்.

“டேய், டிஸ்க்கு நிறைஞ்சு போச்சுன்னு கத்திக்கிட்டே இருக்கு. ‘பழசு’ன்னு முடியுற ஃபோல்டரை மட்டும் அழிச்சுடு. மூணே மூணுதான். கையாலேயே அழிச்சுடு.”

“அதுல என்ன இருக்கு?”

“முதல் மாசத்துப் பதிவு. அந்தப் பழைய மைக்குல எடுத்தது, ஒரே கரகரன்னு இருக்கும். அது மட்டும் இல்ல. அறிவிப்பாளரம்மா அதை அழிச்சே ஆகணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்களுக்கு அதைக் கேட்டா ஆகாது.”

மூன்று ஃபோல்டர். மூன்று முறை தட்டினால் வேலை முடிந்தது. ஆனால் கையால் அழிப்பவனுக்கு டாலர் என்று யாராவது பெயர் வைப்பார்களா?

“ஸ்கிரிப்ட் எழுதிடுறேன், அக்கா. இனிமே எப்ப வேணாலும் ஒரு தட்டு தட்டினா போதும்.”

அக்கா நெற்றியைச் சுருக்கினாள். ஆனால் வெளியே ஓட்டுநர் வந்து உட்கார்ந்திருந்தார், அவள் போய்விட்டாள்.

நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி, படித்து, கணினியிடம் ஒப்படைக்கும் தரகர். அதனிடம் மாறி என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மாறி என்றால் பெயர் ஒட்டிய டப்பா, அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு முன்னால் டாலர் குறி போட்டால், ஷெல் டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக் கட்டளையின் நடுவில் வைக்கும். மாறியை விரிப்பது என்று இதற்குப் பெயர். ‘பழசு’ என்று முடியும் ஃபோல்டர்களின் பெயரை ஒவ்வொன்றாக டப்பாவில் போடு, டப்பாவில் இருப்பதை அழி என்று எழுதினேன். கூடவே, கேள்வி கேட்காதே, இல்லாத ஒன்றை அழிக்கச் சொன்னாலும் முணுமுணுக்காதே என்றும் ஒரு குறிப்பு. என்னைக் கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. கடைசி வரியாக, பிரதி எடுத்துக் காப்புக்கு வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கையும் அதே நிலைக்குக் கொண்டு வா என்று சேர்த்தேன். இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். சுத்தமான வேலை.

சோதித்துப் பார்க்காமல் ஓட்டிவிட்டேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். சோதித்தேன். ‘சோதனை1’ என்று ஒரு ஃபோல்டர் செய்து அழித்துப் பார்த்தேன், அழகாகப் போனது. பிறகு, அழிக்காமல், எதையெல்லாம் அழிக்கப்போகிறாய் என்று திரையில் மட்டும் காட்டச் சொன்னேன். தையல்காரர் பழசு, அறிவிப்பாளர் பழசு, கணக்கு வாத்தியார் பழசு என்று மூன்று வரி வந்தது. பார்த்தாயா என்று யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லாததால் நானே பார்த்துத் தலையாட்டிக்கொண்டேன். ஓட்டினேன். ஷெல் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

செவ்வாய் காலை அக்கா ஃபோன் செய்தாள். “உடனே வா” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. போனேன். அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அறிவிப்பாளர் ஃபோல்டர் எங்கேடா?”

பார்த்தேன். ‘அறிவிப்பாளர்’ இல்லை. ‘அறிவிப்பாளர் பழசு’ பத்திரமாக இருந்தது. ‘தையல்காரர்’ இல்லை, ‘தையல்காரர் பழசு’ இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு மட்டும் புதுசு பழசு இரண்டும் இருந்தன. காப்பு டிஸ்க்கைத் திறந்தேன். அங்கேயும் அச்சு அசலாக அதே நிலை. கடைசி வரி தன் கடமையைச் செய்திருந்தது.

குப்பை எல்லாம் பத்திரம். பொன் எல்லாம் போச்சு.

காரணம் எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. டாலர் குறி போட்ட மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் ஷெல் டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்த பிறகு, எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டும். ‘அறிவிப்பாளர் பழசு’ என்ற ஒரு பெயர், ‘அறிவிப்பாளர்’, ‘பழசு’ என்று இரண்டு பெயராகிவிடும். முதலாவது இருந்தது, அழித்தது. இரண்டாவது இல்லை, முணுமுணுக்காதே என்று நான் சொல்லியிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டது. கணக்கு வாத்தியார் தப்பியதற்கும் அதுதான் காரணம். அவர் ‘கணக்கு’, ‘வாத்தியார்’, ‘பழசு’ என்று மூன்று துண்டானார்; மூன்று பெயரிலும் அங்கே எதுவும் இல்லை. சரி, திரையில் காட்டச் சொன்னபோது ஏன் தெரியவில்லை? வெட்டிய துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு வைத்துத்தான் அது காட்டும். ஒரே பெயரா, இரண்டு பெயரா என்று பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. இது, இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோருக்கும் சொல்லித் தரப்படுவது. நானே நாலு பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

“சின்ன மேற்கோள் குறி ஒண்ணு விட்டுப்போச்சு, அக்கா.”

“கையாலேயே அழின்னு சொன்னேன்” என்றாள், கடிகாரத்தைப் பார்த்து. “பதினொரு மணிக்கு அவங்க வர்றாங்க. வெள்ளிக்கிழமை குழு.”

இருக்கிற முக்கால் மணி நேரத்தில், அழிந்ததை மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். அது அங்கே இங்கே மோப்பம் பிடித்துவிட்டு, ஏழு மாதத்தில் பதினொரு விநாடியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தது. போட்டுக் கேட்டோம். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். அக்கா எழுந்து முன் அறையைப் பெருக்கப் போனாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அறிவிப்பாளர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை, மடிப்புக் கலையாத உடை. ரயில்வேயில் இருந்தவர் அல்லவா, ஒரு நிமிஷம் முன்னேயும் வரமாட்டார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இவன் என் தம்பி” என்றாள் அக்கா. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

சொன்னேன். அழிந்துவிட்டது என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. முதலில் ஷெல் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். பிறகு மாறி, டப்பா, டாலர். மேஜையில் இருந்த இரண்டு பேனாவையும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் வைத்து விளக்கினேன். பதினைந்து நிமிஷம் பேசியிருப்பேன். அந்த அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. பேச்சுப் போனவருக்கு நான் சொல்வது எங்கே புரியப்போகிறது என்று நினைத்து, குரலை உயர்த்தி, சொல் சொல்லாக நிறுத்திப் பேசத் தொடங்கினேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

“அவங்களுக்குக் காது நல்லா கேக்கும். புத்தியும் உன்னைவிட நல்லாவே இருக்கு. வாய்தான் கொஞ்சம் லேட்.”

அறிவிப்பாளர் கையைத் தூக்கி எங்கள் இருவரையும் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

“ஒரு நாள்... இருமல்... வந்துச்சு. மைக்ல. வண்டி எண்... ஏழு நாலு. ஆறாம்... நடைமேடை.” மூச்சு விட்டார். “ஏழுன்னு சொன்னேன். இருமினேன். அப்புறம்... நாலு... ஆறாம் நடைமேடைன்னேன்.”

“ஐயோ” என்றாள் அக்கா.

“பாதிப் பேர்... நாலாவதுக்கு... ஓடிட்டாங்க. வண்டி... போயிருச்சு.”

எழுபத்து நான்காம் எண் வண்டி, ஒரு இருமலால் ஏழாம் எண் வண்டியாகி, நான்காம் நடைமேடைக்கும் ஆறாம் நடைமேடைக்கும் கூட்டத்தை ஓடவிட்டிருக்கிறது. ஒன்று இரண்டாக வெட்டுப்பட்டது. நான் பேனாவும் கண்ணாடிக் கூடும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தடவியதை அவர் ஒரு இருமலில் சொல்லி முடித்துவிட்டார்.

“அதேதான், மேடம்” என்றேன். “அதேதான்.”

அவர் கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். ஏழு மாத உழைப்பு எங்கே போயிற்று என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்திருக்க வேண்டும். பிறகு மிகத் தெளிவாக, ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரலில், “எருமை” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது, ஆனால் மறுக்க ஒன்றும் இல்லை. அக்காவோ பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தாள். அவள் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு வெளிச்சம்.

“என்ன எழுதுற?”

“இது தானா வந்தது இல்லடா. வேணும்னே சொன்னது” என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் சொன்னாள். மூளையில் பேச்சு இருக்கும் இடம் அடிபட்டால் சிலருக்கு எல்லாச் சொல்லும் போய்விடும், ஏதாவது ஒரு வசவு மட்டும் மிஞ்சும். கோபம் வந்தாலும் அது, பசித்தாலும் அது. முதல் மாதத்தில் அறிவிப்பாளருக்கு மிஞ்சியது ‘எருமை’. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் எருமை. நன்றி சொல்ல நினைத்தால் எருமை. பார்க்க வந்த உயர் அதிகாரியிடம் வணக்கம் சொல்லப்போய் அதுவே வந்திருக்கிறது. அந்தப் பதிவுகள்தான் ‘அறிவிப்பாளர் பழசு’. அவற்றை அழிக்கச் சொல்லி இடது கையால், கோணல் எழுத்தில் அவர் எழுதித் தந்திருந்தார்.

இப்போது அவர் உலகத்திலிருந்து துடைக்க நினைத்தது மட்டும்தான் மிச்சம்.

அக்கா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை நீங்க நேர்ல பேசப்போறீங்க. நல்லா பேசுவீங்க. ஆனா எங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. மெதுவா பேசுறாங்க, முடியாதுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அதைக் காட்ட எங்கிட்ட இப்ப இருக்கிறது அந்தப் பழசு ஒண்ணுதான். உங்களைக் கேக்காம போடமாட்டேன். வேண்டாம்னா இப்பவே அழிச்சுடுறேன்.” ஒரு நொடி நிறுத்தி, “கையாலேயே” என்றாள்.

அறிவிப்பாளர் போட வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே மருந்துக் கடையின் கதவு திறந்து மூடும் மணிச் சத்தம் மூன்று தடவை கேட்டது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். நாற்காலி சத்தம் போடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவர் ஹெட்ஃபோனுக்குக் கை நீட்டினார்.

ஏழு நிமிஷம் கேட்டார். ஹெட்ஃபோனின் ஓரத்திலிருந்து மின்விசிறியின் கரகரப்பும் அந்த ஒரே சொல்லும் எனக்கும் கசிந்து வந்தன. கெஞ்சுவது போல ஒரு எருமை, அழுகையோடு ஒரு எருமை, கேள்வியாக ஒன்று. பிறகு அக்காவின் குரல், “தண்ணீர்... சொல்லுங்க, தண்ணீர்” என்று சளைக்காமல். என் அக்கா ஒரு மாதம் முழுக்கப் பொறுமையாகத் தன்னை எருமை என்று கூப்பிட விட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் நான் ஒரு தடவை சொன்னதற்கு ஒரு வாரம் பேசவில்லை.

அறிவிப்பாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போடு” என்றார்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். பதிவுகள் ஏன் முழுமையாக இல்லை என்பதற்கு நான் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ரயில்வே மருத்துவர், பணியாளர் பிரிவு அதிகாரி, ஒரு மூத்த நிலைய அதிகாரி. பணியாளர் பிரிவுக்காரர் என் தாளைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் படித்தார்.

“இதுல டாலர் டாலர்னு வருதே. வெளிநாட்டு விவகாரம் ஏதாவதா?”

“இல்லீங்க. அது ஒரு குறி. மாறியை விரிக்கிறதுக்கு...”

“எதை விரிக்கிறதுக்கு?”

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அறிவிப்பாளர் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

“என் தம்பி தப்பா அழிச்சுட்டான், சார். அதான் அந்த ரெண்டு பக்கத்துல இருக்கு.”

அதிகாரி தாளை மடித்து ஓரமாக வைத்தார். என் பத்தொன்பது வருஷ அனுபவத்துக்கு இவ்வளவு கச்சிதமான சுருக்கத்தை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

அக்கா பழைய பதிவை ஒரே ஒரு நிமிஷம் போட்டாள். மூன்று பேரும் அசையாமல் கேட்டார்கள். நிலைய அதிகாரி மட்டும் தரையைப் பார்த்தார். முதல் மாதம் பார்க்கப்போய் எருமை வாங்கியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. “அன்னைக்கு அவங்களுக்கு இருந்த ஒரே சொல் இதுதான்” என்றாள் அக்கா. பிறகு அறிவிப்பாளர் எழுந்தார். தாளைப் பார்க்காமல், நிறுத்தி நிறுத்தி, ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தி, ஐந்து அறிவிப்புகள் சொன்னார். நான்காவதில் ஒரு சொல் சிக்கியது. மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்துச் சரியாக முடித்தார்.

மருத்துவர், “அந்தப் பதிவு இல்லைன்னா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்” என்றார், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல்.

என்னால் நல்லது நடந்தது என்று இதை வைத்து நான் கணக்குக் காட்டலாம். முயன்றும் பார்த்தேன், வீடு திரும்பும் பேருந்தில். “வாயை மூடிக்கிட்டு வா” என்றாள் அக்கா. ஏழு மாதப் பதிவும் இருந்திருந்தால், படிப்படியாகக் காட்டியிருந்தால், முழு வேலையே கிடைத்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து வந்த உத்தரவில், தினமும் காலை நாலு மணி நேரம், வழக்கமான அறிவிப்புகள் மட்டும், பக்கத்தில் இன்னொரு அறிவிப்பாளர் இருக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று இருந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். அறிவிப்பாளருக்கு இல்லை. உத்தரவை மேஜையில் போட்டுவிட்டு, “நாலு மணி நேரம்... போதாது” என்றாராம். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு வருகிறார்.

அக்காவிடம் நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். இனி ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடாதே, நடுவில் ஒரு கீழ்க்கோடு போட்டு ஒட்டி எழுது, எந்த ஸ்கிரிப்டும் வெட்டாது என்று.

“ரெண்டு சொல்லுக்கு நடுவுல இடைவெளி விட்டுத்தான் எழுதணும்னு ஒண்ணாம் வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். “உன் ஷெல்லைப் படிச்சுட்டு வரச் சொல்லு.”

கணினியின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டாள். கேட்டால் சிரிக்கிறாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி, நான் இத்தனை வருஷத்தில் எழுதி ஓடவிட்டிருக்கும் ஸ்கிரிப்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மொத்தம் முப்பத்தொன்று. மேற்கோள் குறி இல்லாத டாலர்கள் இருநூற்றுப் பதினாலு. ஊரின் தண்ணீர் இவ்வளவு நாளாக எந்தத் தைரியத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக வேறு வேலை எதுவும் பார்க்காமல் ஒவ்வொரு டாலருக்கும் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

“என்னய்யா பண்றே, ரெண்டு வாரமா?”

“மேற்கோள் குறி போடுறேன் சார்.”

“யார் சொன்னதுக்கு?”

“எங்க அக்கா சொன்னதுக்கு” என்றேன். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடி என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் எழுபது பாக்கி.